அக்கா வீட்டுக் காற்றாடியும் செம்பூர் செக்ரட்டரியும்

மும்பையில் எரிகிற பல்பு அத்தனையும் கயத்தாற்றில் தன் அக்கா வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மின்சாரக் காற்றாடியால்தான் எரிகிறது என்று மனதார நம்பிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவரோடு ஒரே அறையில் மூன்று வருஷம் குப்பை கொட்டிய பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

மும்பையை ஒட்டிய சான்பாடாவில் எங்கள் ஆபீஸ். மின்கோபுரங்களில் பழைய கம்பியை இறக்கிவிட்டு, இரண்டு மடங்கு மின்சாரம் தாங்கும் புதுக் கம்பியை ஏற்றுகிற காண்ட்ராக்ட். எங்கெங்கோ காற்றிலும் வெயிலிலும் பிறக்கிற மின்சாரம் மும்பை வரை வந்து சேர வேண்டுமே, அதற்காக. நான் கடிதம் எழுதுகிற குமாஸ்தா. அவர் தாராவியிலிருந்து வருகிறவர். கோபுரம் நிற்கிற இடத்துக்காரர்களிடம் பேசிப் பர்மிஷன் வாங்குவது அவர் வேலை. சொந்தப் பெயர் ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவர் காத்தாடி அண்ணாச்சி.

காலையில் வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் அக்காவுக்குப் போன் போடுவார். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. காற்றாடி சுற்றுகிறதா, எந்த வேகத்தில் என்பதுதான் பேச்சு. சுற்றினால் ஆபீஸில் அன்று தீபாவளி, எல்லா ஏசியையும் அவரே போட்டுவிடுவார். நின்றுவிட்டால் தொலைந்தோம். மேஜை மேஜையாக வந்து ஃபேனை அணைத்துவிட்டு, "ஊர்ல காத்து இல்ல சார், பாத்து செலவழிங்க" என்பார், தன் வீட்டு அரிசிப் பானை காலியானவர் மாதிரி. மேனேஜர் வியர்வையைத் துடைத்துக்கொள்வதோடு சரி. எதிர்த்துக் கேட்டால் அண்ணாச்சி வீடியோ காலில் நிரூபித்துவிடுவார் என்று அவருக்குப் பயம்.

ஒரு நாள் மாட்டுங்காவில் நாங்கள் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. அண்ணாச்சி கையில் வடையோடு எழுந்து நின்று, தன் ஊர்ப் பக்கம் இன்று காற்று கம்மி, மன்னிக்க வேண்டும் என்று இந்தியில் ஹோட்டல் முழுவதற்கும் அறிவித்தார். மூலை மேஜைக்காரர் ஒருவர் பரவாயில்லை என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

வெயில் கரண்டை அவர் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. அதில் ஓடுகிற ஃபேனில் அனல்தான் வரும் என்று சத்தியம் செய்வார்.

இப்பேர்ப்பட்டவரை நம்பித்தான் செம்பூர் விவகாரம் நின்றது. அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சொசைட்டியின் காம்பவுண்டுக்குள் எங்கள் கோபுரம். கம்பி இழுக்கிற மிஷின் உள்ளே போயாக வேண்டும். அந்த லைனை இரண்டு நாள் நிறுத்தி வைக்க மாதக்கணக்கில் அலைந்து அனுமதி வாங்கியிருந்தோம். அதைத் தவறவிட்டால் மழைக்காலம் முடிந்துதான் அடுத்தது. அதற்குள் வேலை வேறு காண்ட்ராக்டருக்குப் போய்விடும், நாமெல்லாம் வீட்டுக்குப் போகலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சொசைட்டி செக்ரட்டரியோ ரிட்டயரான பாலக்காட்டு மாமா. கேட்டைத் திறக்க முடியாது என்று மூன்று கடிதம் எழுதியிருந்தார். மொட்டைமாடியில் மாமி வடாம் காயவைக்கிறாள், அதற்கு மேலே இரண்டு மடங்கு கரண்டா என்பது அவர் கட்சி.

எல்லோருமாக மாமாவைப் பார்க்கப் போனோம். எஞ்சினியர்கள் படம் போட்டு விளக்கினார்கள். மாமா கொட்டாவி விட்டார். அண்ணாச்சி எழுந்து, அதே தண்டவாளத்தில் பன்னிரண்டு பெட்டி ரயில் பதினைந்து பெட்டி ஆகவில்லையா என்று கேட்டார். அந்த ரயில் எங்காத்து மாடியில் ஓடவில்லை என்றார் மாமா. பிறகு, "அது கிடக்கட்டும். புதுசா கரண்ட் எங்கேர்ந்துங்காணும் வரப்போறது?" என்றார்.

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போல் அண்ணாச்சி போனை எடுத்தார். அக்கா திரையில் வந்தாள். காற்றாடியைக் காட்டச் சொன்னார். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். காற்றாடி அசையாமல் நின்றது.

"சுத்தவே இல்லையேங்காணும்."

பக்கத்துக் காட்டில் வேறொன்று சுற்றிக்கொண்டிருக்கும், அக்காவை அந்தப் பக்கம் காட்டச் சொல்லுங்கள் என்று அண்ணாச்சியின் காதில் ஓதினேன். அவர் என்னை முறைத்தார்.

"நிக்கத நிக்குன்னுதான சார் சொல்லணும்?"

அப்புறம் மாமாவிடம் திரும்பினார். "இன்னைக்கு எங்க ஊர்ல காத்து இல்ல சாமி. குஜராத்துல அடிக்கும். இல்லன்னா ராஜஸ்தான்ல நல்ல வெயில் காயும். ஒரு ஊரு படுத்துட்டா இன்னொரு ஊரு குடுக்கணும்லா? அம்புட்டுத் தூரத்துலருந்து அம்புட்டும் வாறதுக்குப் பழைய கம்பி தாங்காது. அதான் மாத்துதோம்."

நல்ல வெயில் என்றார். மூன்று வருஷத்தில் வெயிலைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை. அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

மாமா கண்ணாடியைக் கழற்றினார். சுற்றுகிறது என்று எதையாவது காட்டியிருந்தால் விரட்டியிருப்பேன் என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்துப் பர்மிஷனில் கையெழுத்துப் போட்டார். மிஷின் வருவதற்கு முன்னால் வடாத்தை உள்ளே எடுக்க மாமிக்கு அவகாசம் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனை மட்டும் எழுதினார்.

இரண்டு நாளில் கம்பி ஏறியது. லைன் உயிர்பெற்றுவிட்டது என்று தகவல் வந்ததும் கோபுரத்தடியில் எல்லோரும் கைதட்டினோம். அண்ணாச்சியைக் காணவில்லை. தேடிப்போனால், தண்ணீர்த் தொட்டி மறைவில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"நீ என்னக்கா செய்வ, காத்து வந்தாத்தான சுத்தும். அழாத. செக்ரட்டரி சாமி ஒண்ணும் தப்பா நினைக்கல."

எனக்கு இப்படி ஒரு தம்பி இல்லையே என்று இருந்தது.