மணல் மூட்டைப் போட்டி

மில் கேட்டில் நின்று முதலாளிகளை நடுங்க வைத்த தொழிற்சங்கத் தலைவர் தம்பிதுரை, பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரே ஒரு மனிதனைப் பார்த்துத்தான் வயிறெரிந்தார். பக்கத்து வீட்டு லட்சுமணசாமி. லேத் பட்டறை வைத்திருந்த குட்டி முதலாளி. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தன் மனைவி சென்னியம்மாளே அந்த ஆளைப் புகழ்வதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வங்கக்கடலில் புயல் என்று ரேடியோ சொன்னது. புயல் கடற்கரைக்காரர்கள் பிரச்சினை, கோயமுத்தூர் வந்து சேர்வதற்குள் அது ரிட்டயர் ஆகிவிடும் என்று தம்பிதுரை நாற்காலியில் சாய்ந்தபடி விளக்கினார்.

"ஏனுங்க, பக்கத்தூட்டு அண்ணன் கூரை மேல மணல் மூட்டை ஏத்திப்போட்டாருங்க. தகரச் சீட்டு பறக்காதாமா."

"எத்தனை மூட்டை?"

"நாலுங்க. பொறுப்பான மனுசன்."

தம்பிதுரை எட்டு மூட்டை ஏற்றினார்.

மறுநாள், அண்ணன் முருங்கைக் கிளையைக் கழித்துவிட்டதாகத் தகவல் வந்தது. இவர் மரத்தையே மொட்டையடித்தார். அண்ணன் குடத்தில் குடிதண்ணீர் பிடித்தாராம். இவர் அண்டா, குண்டா, இட்லிச் சட்டி வரை நிரப்பினார். தீப்பெட்டியையும் ரேஷன் கார்டையும் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரண் மேல் வைத்தார். "நீங்களும் பரவாயில்லீங்க" என்று அவள் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். சொல்லவில்லை. போனசுக்குக்கூட அவர் இவ்வளவு போராடியதில்லை.

புயல் வந்தது. மத்தியானமே இருட்டியது, கரண்ட் போனது. நடுவில் காற்று கொஞ்சம் ஓய்ந்ததும், லட்சுமணசாமியின் சீட்டு பறந்ததா என்று பார்க்கும் ஆசையில் தம்பிதுரை கதவைத் திறக்கப் போனார். ஓய்ந்த மாதிரி ஓய்ந்து திரும்ப அடிக்கும் என்று சென்னியம்மாள் தடுத்துப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

"அண்ணன் புத்திசாலியா உள்ளார உக்காந்திருக்காருங்க" என்றாள்.

தம்பிதுரை சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

காலையில் தெருவில் பல வீட்டுக் கூரைகளைக் காணவில்லை. இந்த இரண்டு வீட்டுக் கூரைகளும் அசையாமல் இருந்தன. முனையில் மின்கம்பி அறுந்து கிடந்தது. யாரும் மிதித்துவிடாமல் மரக்கிளையைக் குறுக்கே போட்டு, லைன்மேன் வரும்வரை காவல் நிற்க இருவரும் முண்டியடித்துக்கொண்டு ஓடினார்கள்.

அங்கே லட்சுமணசாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார்: "தலைவரே, உங்களால எனக்கு ஊட்டுல நிம்மதியே போச்சுங்க."

"என்னாலயா?"

"மூச்சுக்கு முந்நூறு தடவை தம்பிதுரை அண்ணன், தம்பிதுரை அண்ணன்னு. நீங்க மணல் மூட்டை ஏத்திப்போட்டீங்கன்னு சொல்லித்தானுங்க என் சம்சாரம் என்னையே கூரை மேல ஏத்துனா."

தம்பிதுரைக்கு ரத்தம் கொதித்தது. மனைவிமார் இருவருக்கும், மில்லில் இரண்டு ஷிப்டையும் மோதவிட்டு வேலை வாங்கும் மேனேஜர் புத்தி. அதை எதிர்த்து எத்தனை துண்டுப் பிரசுரம் போட்டிருப்பார். கம்பிக் காவலிலேயே சங்கம் அமைந்தது. தலைவர் தம்பிதுரை, உறுப்பினர் லட்சுமணசாமி. லைன்மேன் வந்ததும் ஊர்வலம் புறப்பட்டது.

வாசலில் இரண்டு பெண்களும் சேர்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். சூழ்ச்சி அம்பலமாகிவிட்டது, இனி இரண்டு வீட்டு ஆண்களும் ஒரு துரும்பையும் நகர்த்த மாட்டார்கள் என்று தம்பிதுரை அறிவித்தார். லட்சுமணசாமி தலையாட்டி ஆதரித்தார்.

சென்னியம்மாள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

"செரிங்க, ஓய்வெடுங்க. வெள்ளத்தண்ணி கலந்தா பேதி வருமுன்னு பின்வீட்டு ரசாக் பாய் தண்ணித் தொட்டிய எறைச்சுக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டுட்டாராமுங்க. மனுசன்னா அவருதானுங்க."

சங்கத்தினர் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிளீச்சிங் பவுடர் எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்டது தலைவர்தான்.