நூத்தம்பது மீட்டர்காரர்

திருவண்ணாமலையில் சுடாமல் இருப்பதில் நூத்தம்பதை மிஞ்ச ஒருவரும் பிறக்கவில்லை. எதிரி விமானம் கண் முன்னால் கரணம் போடும், வாலை ஆட்டும், மேகத்துக்குள் போய் ஒளிந்துவிட்டுத் திரும்பியும் வரும். இவர் விசையில் விரலை வைத்துக்கொண்டு, வேலூர் பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி சாவகாசமாக உட்கார்ந்திருப்பார். நூற்றைம்பது மீட்டர் வரவேண்டும். நூற்றைம்பத்தொன்று என்றால்கூடச் சுடமாட்டார்.

இந்தக் கதையில் ஓர் அயோக்கியன் வருவான். நீங்கள் தேடிக் கஷ்டப்பட வேண்டாம், அது நான்தான். முதலிலேயே சொல்லிவிட்டால் பாரம் கொஞ்சம் குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை.

வேங்கிக்காலில் எனக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர். வாரம் முழுக்க சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல் என்று ஊரார் விண்ணப்பங்களைத் தட்டிக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ்களுக்கு விடுமுறை. மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நானும் ஒரு லாட்ஜ் மேனேஜரும் ஒரு பஸ் கண்டக்டரும் கம்ப்யூட்டரில் போர்விமானம் ஓட்டுவோம். உலகப் போர்க் காலத்துப் பழைய விமானங்களில் ஏறிச் சண்டை போடும் விளையாட்டு அது. மூன்று பேருக்கும் நாற்பத்தைந்துக்கு மேல் என்பதை வாசகர்கள் பெரிய மனது பண்ணி மன்னிக்க வேண்டும்.

அப்படி ஒரு ஞாயிறன்று, மகளின் விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுக்க ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தார் நான் முதலில் சொன்ன மனிதர். கார்களுக்கு வீல் அலைன்மென்ட் பார்க்கும் கடையில் வேலை. பிரிண்டை மறந்துவிட்டு என் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ரெக்க ரெண்டுலயும் துப்பாக்கி இருக்குதே, நடுவுல போறவன் மேல எப்டிபா படும்?"

நியாயமான கேள்வி. இரண்டு துப்பாக்கியும் நேராகச் சுட்டால் குண்டுகள் எதிரியின் இரண்டு பக்கமும் போய்விடும். அதனால் அவற்றை லேசாக உள்பக்கம் திருப்பி வைப்பார்கள். எத்தனை மீட்டரில் இரண்டு குண்டுவரிசையும் ஒன்று சேர வேண்டும் என்று நாமே ஒரு எண்ணைக் கொடுக்கலாம். அந்த எண்ணைப் போடும் பக்கத்தைத் திரையில் திறந்து காட்டினேன். மனிதர் முகத்தில் சந்நிதி திறந்த பரவசம்.

"அட, இது நம்ம வேலபா! முன் சக்கரம் ரெண்டயும் லேசா உள்பக்கம் பாக்க வைக்கிறோம்ல, அதேதான்!"

எதிரில் காலியாக இருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, நெடுநேரம் யோசித்து, நூற்றைம்பது என்று போட்டார். நாங்கள் எல்லாரும் நானூறு, ஐந்நூறு வைத்திருந்தோம்.

"ரொம்ப கம்மிணா," என்றார் கண்டக்டர்.

"கிட்ட போயி அடிக்கணும்பா. தூரத்துல நின்னு அடிச்சா தோட்டாதான் வேஸ்ட்டு. இன்னொண்ணு, ஒரு தபா சரியா வச்சிட்டா அப்பறம் நோண்டக் கூடாது. நோண்டினா அத நம்பலன்னு அர்த்தம்."

அன்றிலிருந்து அவர் பெயர் நூத்தம்பது. சொந்தப் பெயர் எனக்கே மறந்துவிட்டது, இத்தனைக்கும் அதை விண்ணப்பத்தில் தட்டியவன் நான்.

அதன்பிறகு அந்த மனிதருக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் எங்கே சேருகிறது என்பதுதான் கேள்வி. என் அக்கா மகள் கல்யாணத்துக்கு வந்தவர், மேடைக்கு இரண்டு பக்கமும் இருந்த ஸ்பீக்கர் பெட்டிகளை உள்பக்கமாகத் திருப்பிவிட்டார். "மூணாவது வரிசைல வந்து சேருது பாரு," என்று என்னிடம் பெருமை வேறு. உண்மையிலேயே சேர்ந்தது. தாலி கட்டுவதற்குள் மூன்றாவது வரிசை மொத்தமும் காதைப் பொத்திக்கொண்டு பந்திக்குப் போய்விட்டது. அது மாப்பிள்ளை வீட்டார் வரிசை.

இன்னொரு நாள், தேரடி வீதியில் வாங்கிய இரண்டு லேசர் விளக்குகளை ஒரு நீளக் கம்பின் இரு முனையிலும் கட்டி, தான் வேலை பார்க்கும் கடை வாசலில் இருந்து எதிர் டீக்கடைச் சுவரைக் குறிவைத்தார். பத்தில் ஒரு பங்கு கணக்காம், பதினைந்து மீட்டர். இரண்டு சிவப்புப் புள்ளியும் ஒன்றாகச் சேர்ந்த நேரம் பார்த்து டீ மாஸ்டர் குறுக்கே நிமிர்ந்தார். நெற்றி நடுவில் குங்குமம் மாதிரி வந்து நின்றது.

"யோவ், இன்னாய்யா பண்ற?"

"ஆடாதீங்க மாஸ்டர், இப்பதான் கரெக்டா இருக்கீங்க!"

விளையாட்டில் மட்டும் கிண்டல் செய்ய வழியில்லை. அடிப்பதே இல்லை, அடித்தால் விழாமல் இருப்பதில்லை. நான் ஆயிரம் மீட்டரிலேயே ஆரம்பித்து, தோட்டா தீர்ந்து, வானத்தில் வேடிக்கை பார்ப்பவனாகச் சுற்றிக்கொண்டிருப்பேன். அதுவரை என்னைத் தலைவரே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த கண்டக்டரும் மேனேஜரும் மெல்ல அவரைத் தலைவர் ஆக்கினார்கள். கடை என்னுடையது, கம்ப்யூட்டர் என்னுடையது, கரண்ட் பில் என்னுடையது. வயிறு எரிந்தது. மறைப்பானேன்.

வேலூர்க்காரர்கள் நாலு பேரோடு ஆன்லைனில் பந்தயம் வைத்த ஞாயிறன்று, அவர் வருவதற்கு முன்னால் அவருடைய கம்ப்யூட்டரில் நூற்றைம்பதை எண்ணூறு ஆக்கினேன். ஒரு முறை வைத்ததை அவர் திரும்பிப் பார்க்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அந்த நம்பிக்கையைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன்.

அவர் வழக்கம்போல நெருங்கினார். நூற்றைம்பது மீட்டர். சுட்டார். குண்டுகள் எதிரியின் இடப்பக்கமும் வலப்பக்கமும், மாமியார் வீட்டு வாசலைத் தாண்டும் மருமகன் மாதிரி ஒதுங்கிப் போயின. மறுபடி நெருங்கினார். மறுபடியும் அதே. ஆறு முறை. எதிரி பயப்படக்கூட இல்லை.

"இன்னா தலைவரே, அவனுக்கு வழி உட்டுட்டீங்களா?" என்றார் கண்டக்டர். எல்லாரும் சிரித்தோம். அதிகமாகச் சிரித்தது நான்.

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். ஹெட்போனைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, மேஜைமேல் பத்திரமாக வைத்தார். "கண்ணு போச்சு போலக்குதுபா," என்று சொல்லிவிட்டுக் குனிந்து வெளியே போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை.

புதன்கிழமை, ஏதோ அந்தப் பக்கம் வந்தவன்போல அவர் கடைக்குப் போனேன். பௌர்ணமி நெருக்கம், கிரிவலத்துக்கு ஆள் ஏற்றும் வேன் ஒன்று நின்றிருந்தது. ஒரே சக்கரத்தை மூன்றாவது முறையாகக் கழற்றிக்கொண்டிருந்தார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

"மிஷின்ல சரின்னு காட்டுதுய்யா!"

"மிஷின் சொல்லுது மொதலாளி. என் கண்ணு சொல்லலயே. வண்டில குடும்பம் போவுது."

கண் ஆஸ்பத்திரிக்கும் போய் வந்திருக்கிறார். பார்வை நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை. இப்படியே போனால் ஒன்றாம் தேதியிலிருந்து வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டாராம். இருபது வருஷமாகப் பார்க்கும் வேலை. நான் வாயைத் திறந்தேன், எதிர்க்கடை டீயைக் குடித்தேன், வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமையும் போனேன். அன்றைக்கும் டீதான் குடித்தேன். எழுதும்போதுகூடக் கூசுகிறது.

சனிக்கிழமை போனபோது, வாசலில் இன்னொரு வேன் காத்திருந்தது; அவர் காக்கிச் சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். "நானே நின்னுக்கிறேன்னு சொல்லிட்டேன்பா," என்றார். அதற்குமேல் தாங்கவில்லை.

"ணா, உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்லணா. உங்க நம்பர நான்தான் மாத்திட்டேன்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம்.

"எவ்ளோ வச்ச?"

"எண்ணூறு."

சாக்பீஸை எடுத்துத் தரையில் உட்கார்ந்தார். ஒரு விமானம், இரண்டு துப்பாக்கி, இரண்டு கோடு. நூற்றைம்பதில் ஒரு புள்ளி வைத்து விரல் விட்டு எண்ணினார்.

"ஒன்ற மீட்டரு இந்தப் பக்கம், ஒன்ற மீட்டரு அந்தப் பக்கம்." மறுபடி எண்ணினார். முகம் மலர்ந்துவிட்டது. "டேய், ரெண்டு பக்கமும் சமமா போயிருக்குதுடா! ஆறு தபாவும்! அப்ப நான் நட்டநடுவுலதான்டா வச்சிருக்கேன்!"

பையில் இருந்த காக்கியை உதறிப் போட்டுக்கொண்டு, "மொதலாளி, அந்த வேன ஏத்துங்க!" என்று கத்தினார். பாதி தூரம் போனவர் திரும்பி வந்தார்.

"ஏம்பா, ஜெயிக்கணும்னு ஆசயா இருந்தா சொல்லியிருக்கலாம்ல? நானே தோத்திருப்பேனே."

திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

மறுநாள் ஞாயிறு, ஷட்டருக்கு அடியில் குனிந்து வந்தார். "கண்ணு திரும்பி வந்துடுச்சா தலைவரே?" என்று மேனேஜர் ஆரம்பித்தார். உண்மையைச் சொல்லிவிட நான் எழுந்தேன். நூத்தம்பது முந்திக்கொண்டார்.

"அன்னிக்கி தூசு வுழுந்துட்ச்சிபா," என்றவர், உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். முந்தின ராத்திரியே எண்ணை நான் நூற்றைம்பதுக்குத் திருப்பி வைத்திருந்தேன். அவர் சரிபார்க்கவில்லை. இன்றுவரை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

அதனால் ஞாயிறு தோறும் அவர் வருவதற்கு முன்னால் நான்தான் அந்த எண் இருக்கும் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். நூற்றைம்பது அப்படியே இருக்கிறது. மூடிவிட்டு, அவர் நாற்காலியைத் துடைத்து வைக்கிறேன்.