மாமியின் கொண்டையில் ஒரு சாண் ஊசி

பயந்தாங்கொள்ளிகளின் கையில் கூரான சாமான் எதையும் கொடுக்கக் கூடாது. வெக்ஸ்போர்ட்டில் ஒரு பயிற்சிக் கல்லூரியில் நான் சிகையலங்காரம் படிக்கச் சேர்ந்தபோது யாராவது இதைச் சொல்லித் தடுத்திருக்கலாம். கத்தரிக்கோலைத் தொட்டாலே என் கை நடுங்கும். (பார்ப்பவர்கள் அதை ஏதோ புது ஸ்டைல் என்று நினைத்திருக்க வேண்டும்.)

கடைசிப் பரீட்சைக்கு எனக்கு விழுந்த தலைப்பு, பெண்களின் தொப்பியும் தலைமுடியும் ஒன்றையொன்று எப்படி மாற்றின என்பது. உயிருள்ள ஒரு தலையில் செய்து காட்டியபடியே வகுப்புக்கு முன்னால் நின்று பேச வேண்டும்.

படித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. நூறு வருடங்களுக்கு முன்பு தாம்பாளம் அளவு தொப்பிகள் வந்தபோது, அவற்றைத் தாங்க வெறும் தலை போதவில்லை. சீப்பில் கழிந்த முடியை உருட்டி உள்ளே அடைத்துக் கொண்டையை ஊத வைத்திருக்கிறார்கள், நம்மவர்கள் சவுரி வைப்பதுபோல. அதன் மேல் தொப்பியை வைத்து, ஒரு சாண் நீள ஊசியால் கொண்டையோடு குத்தி நிறுத்துவார்கள். பிறகு மணியைக் கவிழ்த்ததுபோல, தலையோடு ஒட்டிய சின்னத் தொப்பி வந்தது. அதற்குள் கொண்டை நுழையாது. தொப்பிக்காக முடியை வெட்டினார்களா, வெட்டிய முடிக்காகத் தொப்பி சுருங்கியதா என்று இன்னும் வாதாடுகிறார்கள். அதற்கும் பிறகு முடியைக் குளவிக்கூடு மாதிரி உயர்த்திக் கட்டத் தொடங்கியதும், தொப்பிக்கு உட்கார இடமே இல்லாமல் போயிற்று.

பரீட்சையன்று காலை, மொடலாக வருவதாகச் சொன்ன தோழிக்குக் காய்ச்சல். எனக்குப் பேசி முடித்திருந்த சுதனுக்கு அழுதபடி போன் எடுத்தேன். (கலியாணத் திகதி இன்னும் வைக்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.) அவர் தூரத்தில், ஒஷாவாவில் வேலையில் நின்றார். "அம்மா சும்மாதான் இருக்கிறா, அனுப்பிவிடுறன். அவவின்ர கொண்டையைப் பாத்தனீர்தானே" என்றார்.

பார்க்காமல் என்ன? எங்கள் மோர்னிங்சைட் வட்டாரம் முழுவதும் அறிந்த கொண்டை அது. எந்தக் கலியாண வீட்டிலும் மாமிக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு மணவறை தெரியாது. என் திட்டம், அதை அவிழ்த்து, தலையைச் சுற்றித் தட்டையாகக் கட்டி, மணித்தொப்பிக்குள் ஒளித்துவிடுவது. மாமி வந்து கதிரையில் இருந்ததுமே அந்தத் திட்டம் செத்தது.

"உந்தக் கொண்டையை அவிழ்க்கப்படாது பிள்ளை. என்ன செய்யிறதெண்டாலும் மேலாலை செய்" என்றா.

வருங்கால மாமியாரிடம் காரணம் கேட்கும் தைரியம் எனக்கு ஏது? "ஓம் மாமி" என்றேன்.

எங்கள் ஆசிரியை மிஸ் பமீலா முன் வரிசையில் பேனையோடு இருந்தா. நான் தாம்பாளத் தொப்பியைக் கொண்டையின் மேல் வைத்து ஊசியை எடுத்தேன். ஊசி எந்தப் பக்கம் போனால் கொண்டை, எந்தப் பக்கம் போனால் மண்டை என்று திடீரென மறந்துபோயிற்று. கண்ணை மூடிக் குத்தினேன். (பரீட்சைத் தாளில் இந்த முறை இல்லை.)

ஊசி கொஞ்சத் தூரம் போய், கெட்டியான எதிலோ முட்டி நின்றது.

மண்டையோடு என்றுதான் நினைத்தேன். மாமி கத்தவில்லை, அசையவுமில்லை. உயிரோடு இருப்பவர் கத்தியிருக்க வேண்டுமே. கண்ணாடியில் பார்த்தேன்: கண் இறுக மூடியிருந்தது. இரத்தம் எந்தக் காதுப்பக்கம் வரும் என்று பார்த்துக்கொண்டே தொப்பியின் வரலாற்றைச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று தெரியாது. சுதனுக்கு எப்படிச் சொல்வது, பொலிஸ் முதலில் வருமா அம்புலன்ஸ் வருமா என்பதுதான் மனதில் ஓடியது.

"அடுத்த தொப்பி" என்றா மிஸ் பமீலா. ஊசியை இழுத்தேன், வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முழுப் பலத்தோடு இழுத்தேன். ஊசி, தொப்பி, கொண்டை எல்லாமே ஒன்றாக என் கையோடு வந்துவிட்டன.

மாமியின் தலையில், காதுக்கு மேல் கட்டையாக வெட்டிய நரைச் சுருள்முடி மட்டும் இருந்தது. கையோடு வந்தது தலை முழுவதையும் மூடியிருந்த சவுரி; ஊசி முட்டியது அதற்குள் இருந்த கிளிப்பில். மாமி கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. என் கலியாணம் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"சின்னத் தொப்பியைக் கெதியா வை பிள்ளை. எல்லாரும் பாக்கினம்" என்றா மெல்ல.

வைத்தேன். அவவுக்கென்றே தைத்ததுபோல மணித்தொப்பி புருவம்வரை இறங்கி உட்கார்ந்தது. கன்னத்தோரம் இரண்டு சுருள் எட்டிப்பார்த்தன. மிஸ் பமீலா எழும்பி நின்று கைதட்டினா. எல்லாமே நான் போட்ட திட்டம் என்று நினைத்துவிட்டா. (அதை மறுக்கும் அளவுக்கு நான் நல்லவளில்லை.)

வீடு திரும்பும் பஸ்ஸில்தான் மாமி வாய் திறந்தா. ஏதோ வருத்தம் வந்து, மருந்து எடுத்ததில் முடி கொட்டியதாம். மிச்சத்தை வெட்டி, அதிலேயே சவுரி செய்வித்தாவாம். மாமாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

"அது என்ர சொந்தத் தலைமயிர்தான் பிள்ளை. உங்கட வீட்டிலை சொல்லிப்போடாதை. என்ன நினைப்பினமோ எண்டு பயமாக் கிடக்கு."

நான் பயந்து நடுங்கிய அந்த மனுசி, இவ்வளவு நாளும் என்னைப் பார்த்துப் பயந்துகொண்டு இருந்திருக்கிறா. சத்தியம் செய்து கொடுத்தேன். ஆனால் வகுப்பில் யாரோ எடுத்த வீடியோ, பின்னேரத்துக்குள் எங்கள் இரண்டு குடும்பத்து வட்சப் குழுக்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. போன் அடித்தது. மாமி. எடுக்க முன்னரே அழத் தொடங்கிவிட்டேன்.

"பிள்ளை, என்ர தங்கச்சி இப்பத்தான் எடுத்தவ. அந்தத் தொப்பி எங்கை வாங்கினதெண்டு கேக்கிறா" என்றா.

மாமி பிறகு கொண்டை வைக்கவேயில்லை. எங்கள் கலியாணத்துக்கும் கட்டை முடியோடுதான் வந்தா. நான் காலில் விழுந்து எழும்ப, மாமா மண்டபமே கேட்க, "பிள்ளை, கையிலை ஊசி ஒண்டும் இல்லைத்தானே?" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் சீப்போடு யாருக்குப் பக்கத்தில் போனாலும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொள்கிறார்கள். என் மூன்று வயது மகளும் பிடிக்கிறாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. அம்மா வந்தால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நினைக்கிறாள்.