சித்திரையில் வற்றும் கடல்

பார்த்த ஊரைப் பற்றி எவன் வேண்டுமானாலும் பேசிவிடலாம். பார்க்காத ஊரைப் பற்றி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மேஜையைத் தட்டித் தட்டிப் பேசுவதற்குத்தான் நல்ல படிப்பு வேண்டும். எனக்கு அந்தப் படிப்பு இருந்தது. பி.ஏ.யில் சரித்திரம் எடுத்துத் தேறியும் இருந்தேன். (தேறினேன் என்பதை என் மாமனார் கடைசிவரை நம்பவில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.)

யுத்தத்துக்கு முந்தின காலம் அது. ஸ்ரீரங்கத்தில் வீதிக்கு நாலு பி.ஏ.க்கள் உத்தியோகம் இல்லாமல் உலாத்திக்கொண்டிருந்தோம். அந்த லட்சணத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். நாகப்பட்டினம் துறைமுகத்தில் கஸ்டம்ஸ் உத்தியோகம் பார்த்து ரிட்டையரான ஒருவர், கடைசிக் காலத்தில் பெருமாள் காலடியில் இருக்கலாம் என்று உத்தர வீதியில் குடிவந்திருந்தார். அவருடைய பெண் ஜயலக்ஷ்மி. சொஜ்ஜியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான், நான் காலி. அவளைத் தவிர வேறு யாரையும் கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன் என்று வழியிலேயே அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

ஆனால் அவள் அப்பா கறாரான மனுஷர். "பையன் லட்சணமாத்தான் இருக்கான். ஒரு உத்தியோகம் ஆகட்டும், அடுத்த முகூர்த்தத்திலேயே முடிச்சுடலாம்" என்றார்.

உத்தியோகம் என்று நான் நாயாய் அலைந்தபோது வந்து வாய்த்தவர்தான் செட்டியார். மலைக்கோட்டைக்குக் கீழே பெரிய கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். இராமநாதபுரம் கரைக்கு அப்பால் கடலில் சங்குத்தீவு என்று ஒரு துளித் தீவு. அதில் டச்சுக்காரன் கட்டிப் போட்டுவிட்டுப் போன ஒரு பங்களாவை எவரோ அவர் தலையில் கட்டிவிட்டார்கள். அதை வெள்ளையடித்து, கட்டில் போட்டு, "சமுத்திரக் காற்று சுகவாச விடுதி" என்று பலகையும் மாட்டிவிட்டார். ஆனால் போய்த் தங்கத்தான் ஆள் இல்லை.

"தம்பி, திருச்சியில ஒரு கூட்டம் போடுறேன். நீங்க அந்தத் தீவோட சரித்திரம், பார்க்க வேண்டிய இடம் எல்லாத்தையும் எடுத்துச் சொல்லுங்க. ஜனங்க வரேன்னு பேர் கொடுத்தாங்கன்னா, விடுதிக்கு நீங்கதான் மானேஜர்" என்றார். பிறகு, "ஒரு நடை நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்துடுங்களேன். ரயில் சார்ஜ் நான் தரேன்" என்றும் சொன்னார்.

அப்போது நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. "செட்டியார்வாள், ஒரு பக்கம் காவேரி, ஒரு பக்கம் கொள்ளிடம், நடுவிலே இருக்கிற தீவிலே பிறந்தவன் நான். எனக்கா தீவைக் காட்டப் போறீங்க?" என்றேன்.

அவர் ஒரு போட்டோவை மட்டும் கொடுத்தார். பங்களா, அதன் பின்னால் கலங்கரை விளக்கம், முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் மணல். மணலில் ஒரு படகு சாய்ந்து கிடந்தது. அந்த வயசு வரைக்கும் நான் கடலையே பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த தண்ணீர் காவேரித் தண்ணீர்தான். ஆகவே அந்தப் படத்தைப் பார்த்ததும், "ஓகோ, சித்திரை மாசத்தில் எடுத்திருக்கிறார்கள்" என்று நினைத்துக்கொண்டேன். (தண்ணீர் தினமும் கரையைவிட்டு இறங்கும், திரும்ப ஏறும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவனைப் பைத்தியம் என்றிருப்பேன்.)

தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹாலில் கூட்டம். ஒரு ரிட்டையர்டு சப்-ஜட்ஜ் தலைமை வகித்தார். பள்ளிக்கூடக் கமிட்டி முதல் பஜனை மடம் வரைக்கும் ஊரில் எதற்கும் அவர்தான் தலைவர். ஸ்ரீரங்கத்திலிருந்து ஜட்கா ஜட்காவாக ஜனம் வந்து இறங்கியது. முன் வரிசையில் என் வருங்கால மாமனார். பெண்கள் பக்கத்தில் ஜயலக்ஷ்மி. மாப்பிள்ளைக்கு உத்தியோகம் ஆவதைக் கண்ணால் பார்க்கவே வந்திருக்கிறார்கள் என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பேச்சு பிரமாதமாகத்தான் போயிற்று. ஊருக்கு வருகிற சொந்தக்காரர்களையெல்லாம் கோவிலுக்குள் சுற்றிக் காட்டிப் பழகிய வாய். டச்சுக்காரனை வரவழைத்தேன், இங்கிலீஷ்காரனை விட்டு அவனை முற்றுகையிட வைத்தேன், ஓர் ஒற்றைக் கல்லறைக்காக நாலு பேரைக் கண் கலங்கவும் வைத்தேன். கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நின்றால் இலங்கை தெரியும் என்றேன். விபீஷணன் நம் பெருமாளை எடுத்துக்கொண்டு போகப் பார்த்த இலங்கையாயிற்றே, ஸ்ரீரங்கத்து ஜனம் உருகிவிட்டது.

அப்போதுதான் உப்பிலி மாமா எழுந்தார். ஆசாரத்தில் எங்கள் வீதிக்கே அவர்தான் சுப்ரீம் கோர்ட்டு.

"எல்லாம் சரிடா அம்பி. அமாவாசை, பௌர்ணமின்னு பர்வ காலம் தவிர மத்த நாள்ல சமுத்திரத்தைத் தீண்டப்படாதுன்னு சாஸ்திரம் இருக்கே? தீவுக்குப் போய்ச் சேரணும்னா படகுலேர்ந்து இறங்கறச்சே கால் நனையுமே? தோஷமில்லையோ?"

பேர் கொடுக்கலாம் என்று முன்னால் நகர்ந்தவர்கள் நாற்காலிக்குத் திரும்பினார்கள். செட்டியார் முகம் சுண்டிவிட்டது. என் உத்தியோகமும் ஜயலக்ஷ்மியும் கைகோத்துக்கொண்டு வாசல் பக்கம் போவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. என்ன செய்வேன்? சட்டென்று போட்டோ ஞாபகம் வந்தது. அதை உயர்த்திப் பிடித்தேன்.

"மாமா, கவலையே வேண்டாம். சித்திரையிலே போங்கோ. சித்திரையிலே கடல் வத்திடும். இதோ பாருங்கோ, வெறும் மணல். கரையிலேர்ந்து தீவுக்கு நடந்தே போகலாம். தாகமெடுத்தா மணல்லே ஊத்துத் தோண்டினா கல்கண்டாட்டம் தண்ணி வரும். ஆடிப் பெருக்குக்குத்தான் மறுபடி வெள்ளம் வரும்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. அந்தக் கைதட்டலுக்கு நடுவில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு. களுக்கென்று ஆரம்பித்து, அடக்கப் பார்த்து, அடங்காமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள் ஜயலக்ஷ்மி.

"சபையிலே என்ன சிரிப்பு?" என்று சப்-ஜட்ஜ் மேஜையைத் தட்டினார்.

அவள் அப்பா எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. "சிரிக்காம என்ன பண்ணுவா? ஆயுசெல்லாம் கடலோரத்திலே உத்தியோகம் பார்த்தவன் நான். கடல் வத்தி நான் பார்த்ததே இல்லே."

"நீர் பார்த்தது நாகப்பட்டினத்துக் கடல். இது ராமநாதபுரத்துக் கடல்" என்றார் சப்-ஜட்ஜ்.

"எந்தக் கடலானா என்ன? உப்பிலி, நீர் சேது ஸ்நானம் பண்ணினவர்தானே? சொல்லும்!"

உப்பிலி மாமா யோசித்தார். "முழுக்குப் போட்டேன், வாஸ்தவம். ஆனா பயத்திலே கண்ணைத் திறக்கவே இல்லை" என்றார்.

சப்-ஜட்ஜுக்குப் பழைய உத்தியோகம் திரும்பிவிட்டது. என் வருங்கால மாமனாரைக் குறுக்கு விசாரணை செய்ய ஆரம்பித்தார்.

"காவேரி எங்கே போய்ச் சேர்றது?"

"சமுத்திரத்திலே."

"சித்திரையிலே காவேரியிலே ஜலம் இருக்கோ?"

"இருக்காது. அதனாலே..."

"அப்போ சமுத்திரத்துக்கு வரும்படி ஏது, ஓய்? வரும்படி நின்னா எந்தக் குடும்பம்தான் வத்தாது?"

மறுபடி கரகோஷம். அதோடு விட்டாரா? சித்திரையில் கடல் வற்றும் என்று சபையில் ஒரு தீர்மானமே கொண்டுவந்து கை தூக்கச் சொன்னார். ஹால் முழுக்கக் கை தூக்கியது. என் மாமனாராக வேண்டியவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பெண்ணை அழைத்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் போய்விட்டார். ஜயலக்ஷ்மி மட்டும் திரும்பிப் பார்த்தாள். பார்த்து, மறுபடியும் சிரித்தாள். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

கூட்டம் கலைந்ததும் செட்டியார் வந்தார். அவர் கடலைப் பார்த்தவர். அத்தனை நேரமும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர், என் தோளில் அன்பாகக் கை வைத்தார்.

"பிரமாதமா பேசினீங்க தம்பி. எல்லாரும் சித்திரைக்குப் பேர் கொடுத்துட்டாங்க. மானேஜர் வேலை உங்களுக்குத்தான். சித்திரைக்குள்ள கடலை வத்த வச்சுட்டு வந்து சேர்ந்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கடையைப் பார்க்கப் போனார்.

மறுநாள் உத்தர வீதியிலிருந்தும் பதில் வந்தது. "கடல் வத்தினதும் சொல்லி அனுப்புங்கோ, முகூர்த்தம் வச்சுக்கலாம்."

அழுதேன் என்றால் நம்புங்கள், கொல்லையில் கிணற்றடியில் நின்று அழுதேன். அந்தச் சிரிப்பை இனிமேல் கேட்க முடியாது என்பதுதான் தாங்கவில்லை.

என்னைக் காப்பாற்றியவர் யார் தெரியுமா? சப்-ஜட்ஜ்தான். என் ஞானத்தில் சொக்கிப்போய், அவருடைய பள்ளிக்கூடத்தில் காலியாக இருந்த வாத்தியார் உத்தியோகத்தை எனக்குக் கொடுத்துவிட்டார். என்ன வாத்தியார்? பூகோள வாத்தியார்!

விஷயத்தைக் கேட்டதும் ஜயலக்ஷ்மியின் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். "ஐயோ, அந்தக் குழந்தைகள் என்ன பாவம் பண்ணித்து!" என்றாராம். ஆனால் உத்தியோகம் ஆகட்டும் என்று சொன்னவர் அவர்தானே? கடைசியில் பெண்ணையே கேட்டிருக்கிறார். "அவரையே பண்ணிக்கறேன்பா. ஆயுசுக்கும் சிரிச்சுண்டிருக்கலாம்" என்றாளாம் அவள்.

சித்திரையில் சப்-ஜட்ஜ் கோஷ்டி நிஜமாகவே தீவுக்குக் கிளம்பிப் போய், கரையோடு திரும்பி வந்தது. என்னை அடிக்கத்தான் வருகிறார்கள் என்று நான் பதுங்கிக்கொண்டேன். சப்-ஜட்ஜ் ஊரெல்லாம் சொன்னது வேறு: "இந்த வருஷம் குடகிலே மழை ஜாஸ்தி. அதனாலே வத்தலை."

கல்யாணமான மறு வருஷம் மாமனார் என்னையும் ஜயலக்ஷ்மியையும் நாகப்பட்டினத்துக்கு அழைத்துப்போனார். காரணம் சொல்லவில்லை. அதிகாலையில் கரையில் கொண்டுபோய் நிறுத்தினார். அம்மாடி! அவ்வளவு தண்ணீர் உலகத்தில் இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மாமனார் பக்கத்தில் வந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"மாப்பிள்ளை, நாளையோட சித்திரை முடியறது. இன்னும் வத்தக் காணோமே?"

பின்னாலிருந்து அந்தச் சிரிப்பு கேட்டது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் நடக்காத காரியத்துக்கெல்லாம் சித்திரைதான் கெடு. ரேடியோ வாங்கித் தருகிறேன் என்று போன வாரம் பேத்தியிடம் வாக்குக் கொடுத்தேன். அவள் நேராக அடுக்களைக்கு ஓடி, "பாட்டி, தாத்தா ரேடியோ வாங்கித் தராராம்" என்றாள்.

"எப்போடி?" என்றது உள்ளேயிருந்து குரல். "ஆடியிலா, சித்திரையிலா?"