மூன்று இருபதும் ஒரு நாற்காலியும்

அன்புத் தம்பி தோர்கில்லுக்கு,

லாங்கலேண்ட் தீவிலிருந்து அண்ணன் வில்லாஸ் எழுதுவது. நானும் உன் அண்ணி இங்கலிஸும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன.

இது சமாதானக் கடிதம் அல்ல. என் கல்யாணத்தன்று, நம் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளையைத் தூக்கிப் பிடித்துக் காலுறை நுனியை வெட்டும்போது, ஊரெல்லாம் நுனியோடு நிறுத்துவதை நீ குதிகால்வரை கொண்டுபோனதை நான் மறக்கவில்லை. கத்தரி வழுக்கியது என்றாய். கணக்கு வாத்தியார் கையில் கத்தரி எப்படி வழுக்கும்? அன்று நிறுத்திய பேச்சை ஒரு கணக்குச் சந்தேகத்துக்காக மட்டுமே இப்போது எடுக்கிறேன்.

அடுத்த மாதம் எங்கள் செம்புக் கல்யாணம். பன்னிரண்டரை வருஷம் ஆகிறது, வெள்ளிக் கல்யாணத்துக்குப் பாதி. ஊர் மண்டபத்தில் விருந்து, பன்றி வறுவலும் சிவப்புக் கோஸும். என் கணக்கில் அறுபது பேர். மேஜைக்கு இருபது, மூன்று மேஜை, வேலை முடிந்தது. அறுபதை நம் டேனிஷில் சொல்வதே மூன்று இருபது என்றுதானே. ஆனால் மண்டபம் பார்க்கும் அஸ்டா அறுபத்தொரு நாற்காலி எடுத்து வைத்திருக்கிறாள், இங்கலிஸ் சொன்னாளாம். வீட்டுக்கு வந்து கேட்டால், இவள் உருளைக்கிழங்கை உரித்தபடியே, "அறுபத்தொண்ணுதான். யாருன்னு அன்னைக்குப் பாத்துக்கோங்க" என்கிறாள்.

நானும் விடவில்லை. நாலு நாலாகப் போட்டேன், ஒருவன் மிச்சம். ஐந்தைந்தாக, ஆறாறாக, பத்துப் பத்தாக, பன்னிரண்டாக, பதினைந்தாகப் போட்டேன், அப்போதும் அதே ஒருவன் மிச்சம். ஏழேழாகப் போட்டால் அவன் இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நிற்கிறான். எதிலும் சேராமல் ஓரமாக உட்கார்ந்து எல்லாரையும் பார்க்க வசதி செய்துகொண்ட ஆள் நல்ல எண்ணத்தோடு வருவானா, நீயே சொல்லு. அஸ்டாவின் வேலையா என்று பார்த்தேன், அவளுக்கு அவ்வளவு மூளை கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் இங்கலிஸோடு ஆடிக்கொண்டிருந்த அக்கார்டியன்காரன் ஒருவன் இருந்தான், ஞாபகமிருக்கா? உன்னிடம் மறைப்பானேன்? இத்தனை வருஷத்துக்கப்புறம் அவ மனசுல வேற ஆள்னா நான் எங்கடா போவேன்?

இந்த எண் எதில்தான் மிச்சமில்லாமல் அடங்கும் என்று தபாலில் எழுது. நேரில் வர வேண்டாம்.

உன் முழங்கால் வலி தீரட்டும், உன் ரோஜாச் செடிகளைப் பூச்சி அண்டாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தணியாத அண்ணன்
வில்லாஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் இங்கலிஸ் வாங்கிப் படித்துவிட்டாள். அக்கார்டியன்காரன் வந்த இடத்தில் மட்டும் சிரித்தாள். பிறகு, "அந்த நாற்காலி உங்க தம்பிக்கு. முன்னாடியே சொன்னா நீங்க வேண்டாம்பீங்க. அவர் வர்றேன்னுட்டார்" என்றாள். ஆக, என் முதுகுக்குப் பின்னால் இருவரும் பேசி முடித்திருக்கிறீர்கள். நான் நினைத்தது சரிதான். கணக்கையும் அவளே சொன்னாள், நீ சொல்லிக்கொடுத்ததாகத்தான் இருக்கும்: "அறுபத்தொண்ணை ரெண்டே விதமாத்தான் உக்கார வைக்கலாம். ஆளுக்கொரு மேஜை, இல்லேன்னா எல்லாருக்கும் ஒரே மேஜை." ஆளுக்கொன்று கொடுக்க மண்டபத்தில் அத்தனை மேஜை இல்லை. எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டிப் போடும்படி அஸ்டாவிடம் சொல்லிவிட்டேன். வா. எனக்கு நேர் எதிரே, கண்ணில் படும்படி உட்கார். கத்தரி மட்டும் கொண்டுவராதே.