ஆறு வெறுஞ் சட்டங்களும் லெவலண்ணையும்

மன்னார்த் தீவில் நேரான பொருட்கள் இரண்டே இரண்டு. ஒன்று, கடல் வானத்தைத் தொடும் கோடு. மற்றது, லெவலண்ணை பூசிய சுவர். முதலாவதில் தனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருப்பதாக அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

யுத்தம் முடிந்து சனம் மீளக் குடியேறிக்கொண்டிருந்த காலம். பாதிச் சுவர்கள் சரிந்து நின்றன. அந்தச் சரிவெல்லாம் தன்னை நேரடியாக அவமதிப்பதாக எண்ணி, கக்கத்தில் மட்டக்கோலுடன் அலைந்த மேசன் அவர். நடுவே நீர்க்குமிழி ஓடும் அந்தக் கோலுக்கு ஊரில் 'லெவல்' என்று பெயர். அவருடைய சொந்தப் பெயரை மனைவியே மறந்துவிட்டதாகக் கேள்வி.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான். அரசாங்கக் கந்தோரில் வேலை கிடைத்ததும் உப்புக்குளத்தில் ஒரு தையல் கடைக்கு மேலிருந்த மாடி வீட்டை வாடகைக்கு எடுத்தேன். அடம்பன் பக்கம் தகரக் கொட்டிலில் தனியாக இருந்த அம்மாவைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். அதுவும் சும்மா வீட்டில் அல்ல. பயிற்சிக்குக் கொழும்புக்குப் போனபோது ஒரு பழைய ஹோட்டல் சுவரில் பார்த்திருந்தேன்: சாந்துப் பட்டியால் படச்சட்டம் போலப் பெரிய பெரிய நீள்சதுரங்கள். ஓரமெல்லாம் வளைவும் நெளிவும். நடுவில் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து என் கண்ணுக்குள் அதுதான்.

வீட்டுக்காரர், "சுவர் விழாமல் நிண்டாக் காணும், என்னவும் செய்யுங்கோ" என்றார். அம்மாதான் இறங்கி வரவில்லை. "வந்து பாக்கிறன். பிடிக்காட்டி பின்னேர பஸ்ஸிலயே திரும்பிடுவன்."

வேலைக்குப் பேசி முதல் நாள் வந்த லெவலண்ணை சுவரைப் பார்க்கவேயில்லை. என் மேசையில் லெவலை வைத்தார். குமிழி மூலைக்கு ஓடியது.

"தங்கச்சி, இந்த மேசையில இருந்தோ சோதினை பாஸ் பண்ணினனீங்கள்?"

"ஓம் அண்ணை."

"அப்ப கெட்டிக்காரிதான். மலைச்சரிவில இருந்து எழுதின மாதிரி."

வாசலில் லொறி பறித்துவிட்டுப் போன மணற்குவியலில் ஒரு கழுதை ஏறி நின்றது. கலைக்கச் சொன்னேன். அவர் அதன் முதுகில் லெவலை வைத்துப் பார்த்தார். "கழுதை சரியா நிக்குது. உங்கட சுவர்தான் அரை அங்குலம் சரிவு." தூசு கொட்டுகிறது என்று சண்டைக்கு மேலே ஏறிய தையல்காரர், தன் சட்டைக் கொலர் கோணல் என்று தெரிந்துகொண்டு இறங்கிப் போனார்.

ஆனால் வேலை! நிவாரணத்துக்கு வந்த எண்ணெய் டின்னின் தகட்டில் வளைவுகளை வெட்டி, ஈரச் சாந்தின் மேல் இழுத்துக்கொண்டு போவார். தகடு போன வழியே பூப்பட்டி எழும்பி வரும். நான் கை தட்டினால், "தட்டாதேங்கோ, அதிரும்" என்பார். ஒரு நாளுக்கு ஒன்றாக ஆறு நாளில் ஆறு சட்டங்கள். கந்தோரில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

ஏழாம் நாள் அம்மா அரிசிப் பையுடன் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இதெல்லாம் ஆருக்குப் பிள்ளை?"

"ஒருத்தருக்கும் இல்லையம்மா. அலங்காரம்."

"சட்டத்துக்குள்ள இருக்கிறது ஒண்டில் சாமி, இல்லாட்டிச் செத்த ஆக்கள். இந்த ஆறும் ஆருக்குக் காத்துக்கொண்டு நிக்குது?"

எங்கள் பக்கத்தில் மாலை போட்ட புதுப் படங்கள் இல்லாத வீடு குறைவு. இவ்வளவு படித்த எனக்கு அது தோன்றவில்லை. அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் இருந்துவிட்டார். பின்னேர பஸ்ஸுக்கு மூன்று மணித்தியாலம் இருந்தது.

மூலையில் மிச்சச் சாந்தைச் சுரண்டிக்கொண்டிருந்த லெவலண்ணை உளியை எடுத்தார். முதல் சட்டத்தின் கீழ்ப்பட்டியைத் தட்டி விழுத்தினார். பிறகு சாந்து குழைத்து, பக்கப் பட்டிகள் இரண்டையும் நிலம்வரை இழுத்து இறக்கினார்.

"அக்கா, இப்ப பாருங்கோ. இது சட்டமில்லை, வாசல் நிலை. இதுக்குள்ளால ஆக்கள் வருவினம்."

அம்மா எழும்பி வந்து பார்த்தார். "கதவு எங்க தம்பி?"

"கதவு வைச்சாத் திறப்பியள். திறந்தா றோட்டில விழுவியள்."

அம்மா சிரித்தார். "மற்ற அஞ்சும்?"

"ஒவ்வொண்டாத்தான் செய்யலாம்."

"சரி, அடுத்ததையும் பாத்திட்டுப் போறன்."

ஒரு நாளில் ஒரு சட்டம் முடித்த மனிதர், அதற்குப் பிறகு ஒரு நிலைக்கு ஒரு கிழமை எடுத்தார். சாந்து காயவில்லை என்றார். காற்று சரியில்லை என்றார். மூன்றாவது முடிய அம்மா விளக்குமாறு வாங்கினார். நாலாவதற்குள் டின்னில் கறிவேப்பிலைக் கன்று வந்தது. ஐந்தாவது நடக்கையில், தையல்காரருடன் குழாய்த் தண்ணீருக்குச் சண்டை பிடிக்கும் அளவுக்கு அம்மா உப்புக்குளத்து ஆளாகிவிட்டார். ஆறாவது தொடங்கிய பிறகு ஒரு காலை, கொட்டிலில் கிடக்கும் சாமான்களை ஏற்றிவர ட்ராக்டர் பிடிக்கச் சொன்னார்.

அன்று மத்தியானத்துக்குள் ஆறாவது நிலை முடிந்திருந்தது.

ஏன் இவ்வளவு சுணக்கம் என்று நான் லெவலண்ணையை ஒரு நாளும் கேட்கவில்லை. அவருடைய தேத்தண்ணிக்கு மட்டும் சீனி ஒரு கரண்டி கூடப் போட்டுக் கொடுத்தேன்.