நகுலேஸ்வரியின் ரவை

“நகுலா, அந்த மிஷினை நிப்பாட்டும்! அவையள் வந்திட்டினம்!”

ரெய்னர்ஸ் லேன் வீட்டின் கராஜ் கதவைத் திறந்து சண்முகராசா கத்தினார். கடகடவென்ற இரைச்சலில் அவர் குரல் அரைவாசிதான் உள்ளே போனது. மகள் கோசிகாவைக் கேட்டு வரும் மாப்பிள்ளை வீட்டார், சொன்ன நேரத்துக்கு வெகு முன்னதாகவே வந்து வாசலில் காரை நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

பாதுகாப்புக் கண்ணாடிக்கு மேலால் நகுலேஸ்வரி கணவரைப் பார்த்தார்.

“கோதுகள் மினுங்க இன்னும் கொஞ்ச நேரம் வேணும். இஞ்சால மருந்தும் போட்டுக்கொண்டிருக்கிறன். இடையில எழும்ப ஏலாது. எதுக்குள்ள போட்டது, எதுக்குள்ள போடாதது எண்டு மாறிப்போனா விளையாட்டே?”

நகுலேஸ்வரி துவக்கால் இலக்குச் சுடும் போட்டிகளுக்குப் போகிறவர். பொலிஸ் தந்த லைசென்ஸ், சுவரோடு இறுக்கிப் பூட்டிய இரும்பு அலுமாரி, எல்லாம் முறைப்படி உண்டு. கடையில் விற்கும் ரவைகள்தான் அவருக்குத் திருப்தி இல்லை. சுட்டு முடிந்த ரவைகளின் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வந்து, துலக்கி, அளந்து, வெடிமருந்து நிரப்பித் தானே புதிதாக்கிக்கொள்வார். மறுநாள் போட்டி.

சண்முகராசாவுக்கு மனைவியின் கைவேலையில் சொல்லி முடியாத பெருமை. போட்டிக்கு அவரேதான் கூட்டிப்போவார். சத்தம் ஒத்துவராததால் காருக்குள்ளேயே கண்ணாடியை ஏற்றிவிட்டு இருப்பார். ஆனால் அந்தப் பெருமையை வெளியில் சொல்லப் பயம். முன்பு ஒருமுறை சம்பந்தம் பேச வந்தவர்கள், “துவக்குக்குப் பயந்துதானே ஊரை விட்டு இந்த நாட்டுக்கு ஓடி வந்தனாங்கள். இஞ்சயுமோ?” என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணியைத் தொடாமலே எழும்பிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் இந்த முறை கோசிகாவுக்குப் பெடியனை உண்மையாகவே பிடித்திருந்தது.

அவர் கராஜ் கதவைச் சாத்தி, கதவடியில் ஒரு துவாயைத் திணித்துவிட்டு, சிரித்த முகத்தோடு வாசலுக்கு ஓடினார்.

மாப்பிள்ளை கிருசாந்தன் கூச்சத்தோடு சோபாவின் நுனியில் இருந்தான். தாய் யோகமலர் நிமிர்ந்து இருந்தார். தகப்பன் தவபாலன் இருந்த கையோடு ரோல்ஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கதைப்பதை அவர் மனைவியிடமே விட்டுவிட்டவர் போலிருந்தது.

யோகமலர் காதைத் தீட்டினார். “என்னண்ணை சத்தம் அது?”

“கிரைண்டர். தோசைக்கு.”

“கராஜுக்குள்ளயோ?”

“குசினி சின்னன்.”

அந்த நேரம் பார்த்துக் கராஜுக்குள் இருந்து நகுலேஸ்வரியின் குரல் கணீரென்று வந்தது. “இஞ்சேருங்கோ! ரவை முடியப்போகுது, இந்தா வாறன் எண்டு அவையளிட்டச் சொல்லுங்கோ!”

சண்முகராசா பாதி எழும்பினார். பிறகுதான் மூளை வேலை செய்தது. யாழ்ப்பாணத்தார் வாயில் உப்புமாவுக்குப் போடுவதும் ரவை, துவக்குக்குப் போடுவதும் ரவை.

“ரவையோ?” யோகமலரின் கண்கள் விரிந்தன.

“ஓம் ஓம், ரவை லட்டு! உங்களுக்கெண்டுதான் செய்யிறா.”

“அப்பா…” என்றாள் கோசிகா பல்லைக் கடித்துக்கொண்டு.

“அக்காவின்ர கைப்பக்குவத்தைப் பற்றிக் கனக்கக் கேள்விப்பட்டனான்” என்றார் யோகமலர். “என்னெண்டு செய்யிறவ?”

மனைவியின் திறமை என்று வந்ததும் சண்முகராசாவின் பொய் தானாகவே உண்மைக்குள் வழுக்கிப் போனது.

“ஒவ்வொண்டா நிறுத்துத்தான். சின்னத் தராசு ஒண்டு வச்சிருக்கிறா. ஒரு தூள் கூடினாலும் திருப்பிக் கொட்டிப்போட்டு முதலில இருந்து நிறுப்பா.”

“ஒவ்வொரு லட்டுக்குமோ?”

“ஒவ்வொண்டுக்கும்! எல்லாம் ஒரே இடத்துக்குப் போகவேணுமெல்லே.”

“எங்க போக?”

“…வாய்க்குள்ள.”

கோசிகா இருமினாள்.

“வறுக்கிறது என்ன பதத்துக்கு?”

“ஐயோ, நெருப்புக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது!”

“உருட்டுறது கையாலயோ?”

“இரும்புப் பிரெஸ். மேசையில பூட்டியிருக்கு. கைப்பிடியை ஒரு இழுவை, எல்லாம் ஒரே உயரம். மயிரளவு வெடிப்புத் தெரிஞ்சாலும் அந்தக் கோதைத் தூக்கி எறிஞ்சுபோடுவா.”

“லட்டுக்குக் கோதோ?”

“அது… எங்கட பக்கத்து முறை.”

யோகமலர் சோபாவில் முன்னுக்கு நகர்ந்தார். “சரி, அளவு? என்ன அளவு போடுறவ?”

“அதை எனக்கே சொல்லமாட்டா.”

“ருசி பாக்காமல் நான் இண்டைக்குப் போகமாட்டன்” என்றார் யோகமலர் தீர்மானமாக.

சண்முகராசா மகளை நடைக்குக் கூட்டிப்போய்க் காதில் சொன்னார். “ஓடிப்போய்க் கடையில ரவை லட்டு வாங்கிக்கொண்டு வா. பின்பக்கத்தால வா.”

“அப்பா, திஸ் இஸ் மேட்.”

“போ பிள்ளை!”

கடை பக்கத்தில்தான். கோசிகா மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். பின்வாசல் உள்ளே பூட்டியிருந்ததால் முன்வாசலால் நேரே எல்லார் முன்னாலும் வந்து நின்றாள். கையில் ஒரு பை.

“லட்டு சோல்ட் அவுட் அப்பா. ரவைதான் இருந்தது.”

எல்லாரும் அந்த ரவைப் பையைப் பார்த்தார்கள்.

“உள்ளுக்க… ரவை போதாமல் போட்டுது” என்றார் சண்முகராசா, அழாக்குறையாக.

“அதுக்கென்ன, நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்.” யோகமலர் பையை வாங்கிக்கொண்டு எழும்பினார். சண்முகராசா குறுக்கே பாய்வதற்குள் துவாயைக் காலால் தள்ளிவிட்டுக் கராஜ் கதவைத் திறந்துவிட்டார்.

மிஷின் நின்றிருந்தது. மேசை விளக்கின் கீழே, முடிந்த ரவைகள் வரிசை பிசகாமல் பொன்னாக மினுங்கின. மருந்துப் போத்தல் மூடி, தராசு துடைத்து, ஒவ்வொன்றும் தன் இடத்தில் இருந்தது. ஒரு தூள் சிந்தியிருக்கவில்லை. கடைசி ரவையை வரிசையில் வைத்துவிட்டு நகுலேஸ்வரி நிமிர்ந்தார்.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தபடி அப்படியே நின்றார்கள். யோகமலரின் கண் மேசையில் இருந்த தராசுக்குப் போய்த் திரும்பியது.

“நீங்கள்…” என்று நகுலேஸ்வரி தொடங்கினார்.

சண்முகராசா முந்திக்கொண்டார். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி. லட்டும் இல்லை, தோசையும் இல்லை. இது துவக்கு ரவை. பொய் சொன்னது நான். அவ ஒரு சொல்லும் பொய் சொல்லேல்லை. துவக்கெண்டா எனக்கும் பயம்தான். நானும் அதாலதான் ஊரை விட்டு வந்தனான். ஆனா இவ இந்த மேசையில இருக்கிறதைப் பாத்தா எனக்குப் பயம் வாறேல்லை. இவ்வளவு கவனமா ஒரு மனிசரும் ஒரு வேலையும் செய்து நான் பாத்ததில்லை. கடதாசியில ஒரு புள்ளி, அதைத் தவிர வேற எதிலயும் படக்கூடாது எண்டு ஒவ்வொண்டா நிறுத்து நிறுத்துச் செய்யிறா. சம்பந்தம் வேண்டாமெண்டா சொல்லுங்கோ. ஆனா இந்தக் கதவை இனி நான் சாத்தமாட்டன்.”

நகுலேஸ்வரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கல்யாணம் கட்டிய நாளில் இருந்து இந்த மனிதர் இப்படி ஒரு வார்த்தை சொல்லி அவர் கேட்டதில்லை. கோசிகா தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் தவபாலன் ரோல்ஸ் தட்டோடு கதவடிக்கு வந்து, மேசையை எட்டிப் பார்த்து, வாயில் இருந்ததை ஆறுதலாக விழுங்கினார்.

“சம்பந்தத்துக்கு ஓம் எண்டு நாங்கள் போன கிழமையே எங்களுக்குள்ள முடிவெடுத்திட்டம், அண்ணை, ஒவ்வொரு போட்டியிலயும் உங்கட மனிசியிட்டத் தோத்துத் தோத்து, இந்த ரவையின்ர மருந்து அளவைக் கேக்கத்தான் என்ர மனிசி இண்டைக்கு நேரத்தோட வெளிக்கிட்டு வந்தவ!”